நாலடுக்குக் கேரியரும் ஒன்பது கிலோவும்

"ஐப்பசி 4, செவ்வாய். குழந்தை: 8 கிலோ 200 கிராம். போனது: சோறு, முருங்கைக்கீரைக் கூட்டு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல். வந்தது: ரொட்டி நான்கு துண்டு, அவித்த முட்டை ஒன்று, கெட்டித் தயிர், பிஸ்கட் ஆறு."

என்னுடைய பழைய நோட்டு ஒன்றில் இப்படி இருக்கிறது. அட்டையைக் கரையான் தின்றுவிட்டதால் ஆண்டை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எழுபதுகளின் கடைசி இரண்டு ஆண்டுகளில் ஒன்று. பெரம்பலூரும் அரியலூரும் அப்போது திருச்சி மாவட்டத்துத் தாலுகாக்கள். பெரிய காய்ச்சல் என்றாலும் பெரிய வழக்கு என்றாலும் திருச்சிக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.

வேப்பந்தட்டைப் பக்கத்துக் கூலிக் குடும்பம் ஒன்றின் பெண் குழந்தை அது. மூன்று வயது. பிறந்ததும் தானாக மூடிக்கொள்ள வேண்டிய இதயக் குழாய் ஒன்று மூடவில்லை. சென்னையில் அறுவை சிகிச்சை செய்து மூடிவிடலாம், ஆனால் ஒன்பது கிலோவாவது எடை இருந்தால்தான் மயக்க மருந்து கொடுப்பார்கள் என்றார் திருச்சி டாக்டர். கார்த்திகை 23-ஆம் தேதி எடையைப் பார்த்துச் சென்னைக்குக் கடிதம் எழுத வேண்டும். அன்று ஒன்பது இல்லையென்றால் அந்தப் படுக்கை வேறு குழந்தைக்குப் போய்விடும். அடுத்த முறை எப்போது என்று அவருக்கே தெரியாது. அதுவரை குழந்தை வார்டிலேயே இருக்கட்டும் என்றார். அப்பன் ஊரில் கூலிக்குப் போனால்தான் மற்ற இரண்டு பிள்ளைகளுக்குக் கஞ்சி. எனவே ஆஸ்பத்திரியில் குழந்தையும் தாயும் மட்டும்.

நான் அப்போது பெரம்பலூர் கிளை நூலகத்தில் வேலை பார்த்தேன். பத்திரிகை மேசைக்குத் தினமும் வருகிறவர்கள் சேர்ந்து இதுபோன்ற குடும்பங்களுக்கு உதவி செய்துவந்தோம். குழுவுக்குப் பெயர் கிடையாது. பெயர் வைப்பதற்காகக் கூடிய ஒரே கூட்டம் சண்டையில் முடிந்தது. தாலுகா ஆபீசில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர் எங்கள் தலைவர். நாங்கள் தேர்ந்தெடுத்ததில்லை. அவர் உட்கார்ந்த நாற்காலிக்கு மட்டும்தான் கை வைத்திருந்தது.

ஆஸ்பத்திரியில் குழந்தைக்குப் பால், ரொட்டி, முட்டை, பிஸ்கட் கொடுத்துவிடுவார்கள். உடனிருக்கும் தாய்க்கு எதுவும் கிடையாது. எனவே தாயின் சாப்பாட்டை நாங்கள் ஏற்றோம். திங்கள் முதல் சனி வரை பெரம்பலூரில் ஆறு வீடுகள். ஞாயிற்றுக்கிழமை அரியலூர் ரயில்வேக்காரர் ஒருவர் காலை ரயிலில் தானே கொண்டுபோவார். மற்ற நாட்களில் முதல் பஸ் கண்டக்டரிடம் கேரியரைக் கொடுத்துவிடுவோம். அவர் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் வைப்பார். தாய் வந்து எடுத்துக்கொண்டு, மதியத்துக்குள் கழுவிய கேரியரை அதே கடையில் வைப்பாள். மாலையில் அது ஊருக்கு வந்துவிடும்.

கழுவிய கேரியர் வந்ததே ஒழிய, காலிக் கேரியர் ஒரு நாளும் வரவில்லை.

முதல் நாள் ரொட்டியைப் பார்த்த என் மனைவி, "ஆஸ்பத்திரில அள்ளி அள்ளிக் குடுக்குறாங்க போலருக்கு. தின்னு மாளாம அனுப்பியிருக்கா பாவம்" என்றாள். தயிரைத் தொட்டுப் பார்த்து, "திருச்சித் தயிரு என்னா கெட்டிங்க!" என்று வியந்தாள். தையற்கடைக்காரர் வீட்டில் ரொட்டிக்குப் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டார்கள். எல்லா வீட்டுக்கும் வந்தது. எல்லா வீட்டிலும் தின்றார்கள். நானும் தின்றேன். நோட்டில் எழுதிவிட்டுத் தின்றேன்.

கண்டக்டர் கேரியரை நீட்டும்போதெல்லாம் சிரிப்பார். "சார், டிக்கெட் வாங்குனவன்லாம் வெறுங்கையோட வர்றான். உங்க கேரியரு டிக்கெட் இல்லாம மூட்டை முடிச்சோட வருது."

ஐப்பசி 11, செவ்வாய்: 8 கிலோ 200. கண்டக்டர் கொண்டுவந்த துண்டுச் சீட்டில் நர்ஸ் எழுதியிருந்தது இவ்வளவுதான். ஒரு வாரத்தில் ஒரு கிராம்கூட ஏறவில்லை.

தலைவர் அவசரக் கூட்டம் கூட்டினார். "நாம அனுப்புறது பத்தல. நாலடுக்கு எந்த மூலைக்கு? அஞ்சடுக்கு அனுப்புவோம். அஞ்சாவதுல நெய் போட்ட பொங்கல்."

ஒருமனதாக நிறைவேறிய எங்கள் முதல் தீர்மானம் அது. வியாழக்கிழமையிலிருந்து ஐந்தடுக்கு போனது. ஐந்தடுக்கும் நிறைந்தே திரும்பி வந்தது. ஐந்தாவதில் சாத்துக்குடி இருந்தது. வார்டைப் பார்க்கவந்த யாரோ புண்ணியவான் குழந்தைகளுக்குக் கொடுத்ததாம்.

ஐப்பசி 18, செவ்வாய்: 8 கிலோ 100.

அன்று மாலை நோட்டை விரித்துவைத்து உட்கார்ந்தேன். போனது ஒரு பத்தி, வந்தது ஒரு பத்தி, எடை ஒரு பத்தி. ரொட்டி, முட்டை, பிஸ்கட், பால் என்பது ஆஸ்பத்திரி குழந்தைக்குக் கொடுக்கும் உணவு. ரொட்டி, முட்டை, பிஸ்கட், தயிர் என்பது எங்களுக்குத் திரும்பி வந்த உணவு. பால் மட்டும் பஸ்ஸில் வரும்போது தயிராகியிருந்தது. இரண்டு வாரமாக என் கையாலேயே எழுதிவந்திருக்கிறேன். படித்ததில்லை. நாலடுக்கு போனபோது எடை நின்றது, ஐந்தடுக்கு போனபோது குறைந்தது. ஆறடுக்குக்குத் தலைவர் பாத்திரக்கடையில் சொல்லிவைத்திருந்தார்.

வியாழக்கிழமை லீவு போட்டுவிட்டுத் திருச்சிக்குப் போனேன். தாய் கேரியரைத் திறந்து, நாங்கள் அனுப்பிய காரக்குழம்புச் சோற்றைத் தண்ணீரில் அலசி அலசிக் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை இரண்டு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பியது. ஆஸ்பத்திரி ரொட்டி நாலு துண்டும் காகிதத்தில் சுற்றித் தலைமாட்டில் தயாராக இருந்தன.

"ஏம்மா, புள்ளைக்குக் குடுத்த ரொட்டிய எங்களுக்கு ஏன் அனுப்புற?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னா சார் இப்புடிக் கேக்குறீங்க? சோறு வந்த ஏனத்த வெறும் ஏனமாவா திருப்பி அனுப்புவாங்க? எங்க வூடா இருந்தா ஒரு படி கம்பு, நாலு கத்திரிக்கா போட்டு அனுப்புவேன். இங்க எனக்கு என்னா இருக்கு? இதான் இருக்கு. நாலு அடுக்கு வந்துச்சு, நாலையும் ரொப்புனேன். அப்பறம் நீங்க அஞ்சாக்கிட்டீங்க. சாமி மாதிரி ஒருத்தரு சாத்துக்குடி குடுத்தாரு, பொழச்சேன்."

பக்கத்தில் ஊசி போட நின்ற நர்ஸ் திரும்பினார். "ஏன் சார், உங்க கமிட்டி புள்ளைய வளக்குதா, கேரியர வளக்குதா?"

இனி எதுவும் வைக்காதே, காலியாகவே அனுப்பு என்றேன். அவள் கோபப்படவில்லை. எழுந்து கொடியில் கிடந்த சேலையை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"அப்ப எனக்குச் சோறு வேணாம் சார். வாங்கித் தின்னுட்டு வெறும் ஏனம் குடுத்தான்னு ஊர்ல ஒரு பேச்சு வந்தா, எம் பொண்ணுங்கள எவன் வூட்டுல எடுப்பான்? நாங்க ஊருக்குப் போறோம். ஆயிசு இருந்தா பொழச்சிக்கும்."

சேலை பாதி மடித்தாகிவிட்டது. நான் பயந்துபோய், "நீ சொல்றது சரிதாம்மா, வை, வை" என்று சொல்லிவிட்டு அந்த நாலு ரொட்டியையும் நானே வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அன்றைய குறிப்பில், "சென்ற காரியம் தோல்வி. ரொட்டி 4" என்றிருக்கிறது.

பாத்திரம் போனால்தானே பாத்திரம் திரும்பும் என்றார் தலைவர். ஐப்பசி 21, வெள்ளி, வாழை இலைப் பொட்டலமாக அனுப்பினோம். மாலையில் அதே இலை கழுவித் துடைத்து வந்தது. உள்ளே பிஸ்கட். கட்டிய நூலைக்கூடச் சிக்கெடுத்துச் சுற்றி வைத்திருந்தாள். அடுத்த யோசனை, கேரியரைத் திருப்பி வாங்காமலே விட்டுவிடுவது. மூன்றாம் நாள் நர்ஸிடமிருந்து சீட்டு வந்தது: "கட்டிலுக்கு அடியில் மூன்று கேரியர். இது வார்டா, பாத்திரக்கடையா?"

ஐப்பசி 25, செவ்வாய்: 8 கிலோ 100. இன்னும் நாலே வாரம்.

"ஆம்பளைங்க கூட்டம் போட்டது போதும். நான் போயிட்டு வரேன்" என்று என் மனைவி மறுநாள் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நானும் பின்னால் போனேன். அவள் ரொட்டியைப் பற்றிப் பேசவே இல்லை. குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஊர்க்கதை பேசினாள். பேச்சு சமையலுக்கு வந்தது.

"எங்கூரு கிணத்துத் தண்ணி இருக்கே, ஒரே உப்புத் தண்ணி. துவரம்பருப்ப அடுப்புல வச்சா வெறகு வெந்துரும், பருப்பு வேகாது. நீ குடுத்து வச்சவ, கொழாயத் தொறந்தா காவேரி."

"ஆமாக்கா, இந்தத் தண்ணி இனிப்பாத்தான் இருக்கு."

"நீ ஏதோ ரொட்டி, முட்டைன்னு அனுப்புற. அதெல்லாம் எங்கூருக் கடையிலயே தொங்குது. அஞ்சடுக்கும் ரொம்பக் காவேரித் தண்ணி அனுப்பினா உனக்குப் புண்ணியமாப் போவும்."

தாய் தயங்கினாள். "தண்ணியவா? தண்ணியப் போயி ஒரு பொருளுன்னு..."

"எங்க வூட்டுல மூணு நாளா பருப்பு வேகலங்குறேன்!"

இதில் பொய் எதுவும் இல்லை என்பதை நான் உறுதிசெய்ய முடியும். அந்தப் பருப்பைத் தின்றவன் நான்.

மாலையில் கண்டக்டர் கேரியரைத் தூக்கிப் பிடித்தபடி பஸ்ஸிலிருந்து இறங்கினார். சட்டை நனைந்திருந்தது. "சார், அடுக்குல தண்ணி கொண்டாந்த ஊரு உலகத்துலயே இது ஒண்ணுதான். பாடாலூர்ல ஒரு பள்ளம். முன்சீட்டுப் பெரியவரு வேட்டி போச்சு. மழையான்னு கேட்டுட்டு சன்னலச் சாத்துறாரு!"

அன்றிரவு எங்கள் வீட்டில் பருப்பு வெந்தது. செய்தி பரவியது. அதுவரை 'இந்த வாரம் எங்க வூட்டு முறைய மாத்திக்க முடியுமா' என்று கேட்டவர்கள், 'அடுத்த வாரம் ரெண்டு நாள் எங்களுக்கே குடுங்க' என்று கேட்டார்கள். தலைவர் ஆறடுக்குக் கேரியரை வாங்கியே விட்டார். இந்த முறை யாரும் தடுக்கவில்லை. அரியலூர்க்காரர் மட்டும் மூடி போட்ட தூக்குவாளி ஒன்றைக் கொண்டுபோனார். ரயில்வேக்காரர் அல்லவா, பாதுகாப்பு முக்கியம். காரக்குழம்பை எல்லோரும் நிறுத்திவிட்டு, குழந்தையும் தின்னும்படி பருப்புச் சோறு அனுப்பினார்கள். பருப்பு வெந்திருந்ததால் அது சாத்தியமாயிற்று.

கார்த்திகை 2: 8 கிலோ 350. கார்த்திகை 9: 8 கிலோ 600. கார்த்திகை 16: 8 கிலோ 850. மூன்றும் செவ்வாய். மூன்று சீட்டையும் நோட்டில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

கார்த்திகை 23-க்கு முந்தைய நாள் அரியலூர்க்காரரின் மனைவி வார்டுக்கு வந்து, தன் பேத்திக்குச் சின்னதாகிப்போன வெள்ளிக் கொலுசைக் குழந்தைக்குப் போட்டுவிட்டுப் போயிருந்தார். மறுநாள் நானும் தலைவரும் போய்ச் சேர்ந்தபோது எடை பார்த்து முடித்திருந்தார்கள். குழந்தை கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டி ஆட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. தாய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நர்ஸ் சீட்டை நீட்டினார். சரியாக ஒன்பது கிலோ. மேலே ஒரு கிராம் இல்லை, கீழே ஒரு கிராம் இல்லை.

"சிஸ்டர், கொலுசோடயா, கொலுசு இல்லாமயா?" என்று கேட்டேன். தேதி, நேரம் எல்லாம் எழுதியிருந்தேன். அந்த ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது.

"சார், உங்க நோட்டுல எழுதுறத நீங்க எழுதுங்க. என் நோட்டுல எழுதுறத நான் எழுதுறேன்."

தலைவர் என் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். "ஓய், முப்பத்தஞ்சு வருசம் ரெவின்யூவுல இருந்தவன் சொல்றேன். சில கேள்விய ஃபைல்ல ஏத்தப்படாது."

கடிதம் போயிற்று. மார்கழியில் சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. தை மாதக் கடைசியில் தாயும் குழந்தையும் ஊர் திரும்பினார்கள். குழந்தை பஸ்ஸிலிருந்து தானே இறங்கியதாகக் கண்டக்டர் சொன்னார்.

முந்தைய வாரங்களின் கணக்குப்படி ஏழு நாளில் நூற்றைம்பது கிராம் ஏறியிருப்பது நடக்கக்கூடியதுதான். அந்தக் கொலுசின் எடையை அரியலூர்க்காரரின் மனைவியிடம் இரண்டு முறை கேட்டேன். ஒரு முறை நினைவில்லை என்றார், மறுமுறை காபி கொடுத்தார். கார்த்திகை 23 அன்று பதிவான ஒன்பது கிலோவில் கொலுசு சேர்ந்ததா என்பது சரிபார்க்கப்படவில்லை.