யூலியானாவின் பீரங்கிச் சத்தம்

எனக்கு அந்த அதிர்ச்சி இன்னும் தீரவில்லை. ஆகவே சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

யூலியானா கரம்பொன்காரி. வயது இருபத்துநாலு. ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் போகும் வழியில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறாள். கடலுக்குள் விழுந்த போன், உப்புப் பிடித்த போன், புருசன்காரன் கோபத்தில் எறிந்த போன் எல்லாம் அவளிடம்தான் வரும். தகப்பன் இல்லை. தாய் ஞானசவுந்தரி கருவாடு போட்டு விற்கிறவர். சாதாரணக் குடும்பம். இந்தப் பிள்ளைதான் நாலு வருசமாக, கடைக்குப் பின்னறையில் இருந்து, ஒரு போர் விளையாட்டைத் தனியாளாகச் செய்துகொண்டிருந்தாள். போனில் விளையாடுகிற விளையாட்டு. பெயர் ‘கடற்கோட்டை’. எங்கள் துறைக்கு முன்னால் கடலுக்குள் நிற்கிறதே, அந்தக் கோட்டையைப் போர்த்துக்கேயப் பறங்கியிடமிருந்து டச்சுக்கார ஒல்லாந்தன் பிடித்த சண்டை. விரும்பினால் பறங்கியாக நின்று காக்கலாம். விரும்பினால் ஒல்லாந்தனாக வந்து அடிக்கலாம்.

இது எனக்குத் தெரிய வந்ததே ஒரு அதிர்ச்சியோடுதான். நான் கடற்றொழிலாளர் சங்கத்தில் முப்பது வருசம் கத்தியவன். துண்டுப்பிரசுரம் எழுதியவன். ஊர் இன்னும் என்னைத் தோழர் என்றுதான் கூப்பிடுகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனைத் திருத்தக் கொடுக்கப் போனேன். பின்னறையில் இருந்து ஒரு ஆம்பிளைக் குரல் அலறியது.

“வெடிமருந்து முடிஞ்சுது! மதில் போகுது! ஆராவது மேற்குப் பக்கம் ஓடுங்கோவன்!”

பதறிப்போய்த் திரையை விலக்கினேன். வளர்ந்த ஆட்கள் வட்டமாக இருந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார்கள். அலறியவர் குருபரன். நயினாதீவுக் குருக்கள் குடும்பம். காலைப் பூசையை முடித்துப் படகேறி, திருநீறு கலையாமல் வந்திருந்தார். அவருக்கு எதிரே ஒல்லாந்தனாக நின்று அடித்துக்கொண்டிருந்தவர் அன்ரனிதாஸ். பெரிய வள்ளக்காரன். என்னோடு சங்கத்தில் நின்று மண்டை உடைபட்ட மனுசன்.

“வாங்கோ தோழர்,” என்றார் அன்ரனிதாஸ், தலையை நிமிர்த்தாமல். “ஐயரின்ர கோட்டை இப்ப விழும். பாத்திட்டுப் போங்கோ.”

இவர்கள் வெளிநாட்டுப் போர் விளையாட்டெல்லாம் வாங்கி விளையாடித் தேர்ந்தவர்கள். ரொறன்ரோ, பரிஸ் என்று வெளியிலும் ஆட்கள் இருந்தார்கள். எல்லாரும் யூலியானாவின் விளையாட்டைச் சோதித்துப் பிழை சொல்லிக் கொடுக்கிற கூட்டம். அந்தக் கூட்டம்தான் அன்றைக்கு இரண்டாகப் பிரிந்து நின்றது. விளையாட்டை வேதக் கோயில் பெருநாளுக்கு வெளியில் விடுவதா, இன்னும் பொறுப்பதா என்பதே சண்டை.

“பெருநாளுக்குத்தான் வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம் வந்து நிக்கும்,” என்றார் அன்ரனிதாஸ். “அதுகள் பிளேன் ஏறின பிறகு ஆருக்கு விடப்போறியள்? கொக்குக்கோ?”

“போனமுறை சோதிக்கேக்க என்ன நடந்தது?” என்றார் குருபரன். “ஒல்லாந்தன்ர கப்பல் கரையேறி, றோட்டால போய், கரம்பொன் சந்தியில நிண்டது. பஸ்ஸுக்கோ நிண்டது?”

“அது சின்னப் பிழை ஐயா.”

“பறங்கித் தளபதி சுவருக்குள்ள இறுகி, காலை மட்டும் ஆட்டிக்கொண்டு கிடந்தார். அதுவும் சின்னப் பிழையோ?”

“பெரிய கொம்பனிக்காரனே அரைகுறையா விட்டிட்டுப் பிறகுதான் திருத்துறான். போன வருசம் வாங்கினமே, அதில டாங்கி பறந்தது. நீங்களும் சேர்ந்துதானே சிரிச்சனீங்கள்?”

“சிரிச்சனான். பிறகு அதைத் தொட்டனானோ?”

குருபரன் விடவில்லை.

“ஓட்டை வள்ளத்தை இறக்கிப்போட்டு நடுக்கடலில நிண்டு அடைக்கிறதோ அண்ணை?”

“எந்த வள்ளத்துக்குள்ள தண்ணி வரேல்லை? வாளி என்னத்துக்குக் கிடக்கு? அள்ளி அள்ளித்தான் ஓடுறம். நீங்கள் படகில ரிக்கெற் எடுத்து வாற ஆள், உங்களுக்கு உது தெரியாது.”

எல்லாரும் சிரித்தார்கள். யூலியானா சிரிக்கவில்லை.

“நீர் என்ன சொல்லுறீர் பிள்ளை?” என்று நான் கேட்டேன்.

“எனக்கும் பெருநாளுக்கு விட ஆசைதான் தோழர். அம்மா வாறன் எண்டு சொல்லியிருக்கிறா.”

அதன் கனம் எனக்குப் பிறகுதான் விளங்கியது. நாலு வருசத்தில் ஞானசவுந்தரி ஒருநாளும் அந்த விளையாட்டை இருந்து பார்த்ததில்லை. மகள் போனை நீட்டினால், “நான் கண்ட சண்டை காணும், போதும்,” என்று எழும்பிப் போய்விடுவார். சண்டையைப் பார்க்க வேண்டாம், நான் கட்டின கோட்டையை, நான் கீறின எங்கட கடலை ஒருக்கால் பாருங்கோ அம்மா என்று கெஞ்சியிருக்கிறாள் பிள்ளை. பெருநாள் என்பதால் தாய் முதல்முறை ஓம் என்றிருந்தார்.

“ஆனா சத்தம் முடியேல்லை,” என்றாள் யூலியானா. “இப்ப உள்ள பீரங்கிச் சத்தம் சும்மா இடம்பிடிக்கப் போட்டது. இன்ரநெற்றில இலவசமாக் கிடந்தது. மாத்தவேணும்.”

“சத்தம் சத்தம்தானே! பீரங்கி என்ன, பாட்டே பாடப்போகுது?” என்றார் அன்ரனிதாஸ்.

அவள் அதைப் போட்டுக் காட்டினாள். போனில் அது நுளம்பு ஒன்று நொய்யென்று பறந்து சுவரில் முட்டியது போலக் கேட்டது. குருபரன் கேட்டார், அன்ரனிதாஸ் கேட்டார், நானும் கேட்டேன். ஒருத்தருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

கூட்டம் நடத்தத் தெரிந்தவர் நீங்கள்தான் என்று என்னைத் தலைவராக இருத்தினார்கள். தலைவருக்கு வாக்கில்லை. இங்கிருந்தவர்கள் கை உயர்த்தினார்கள். வெளிநாட்டுக்காரர் போனில் பெருவிரல் படம் அனுப்பினார்கள். பெருநாள் கட்சி வென்றது.

பெருநாள் பூசை முடிந்த கையோடு பங்கு மண்டபத்தில் வெளியீட்டுக் காட்சி. பட்டப்பகல். திரை தெரிவதற்காக யன்னல்களுக்குக் கறுப்புப் பொலித்தீன் அடித்திருந்தார்கள். உள்ளே வேர்த்து வழிந்தது. பெருநாளுக்கு வந்த ஒலிபெருக்கிப் பெட்டிகளை மேடையின் இரண்டு பக்கமும் அடுக்கியிருந்தார்கள். முன்வரிசையில் பங்குச்சுவாமி. நடுவில், வழிப்பக்கக் கதிரையில், பட்டுச்சேலையோடு ஞானசவுந்தரி. மேடையில் யூலியானா. பக்கத்தில் மைக்கோடு அன்ரனிதாஸ். குருபரனும் வந்து பின்னால் இருந்தார்.

“தோத்த கட்சி,” என்றார் என்னிடம். “ஆனா கைதட்டுவன்.”

திரையில் எங்கள் கடல் விரிந்தது. ஓ என்று ஒரு சத்தம் எழும்பியது. எழும்பாதா? எங்கள் கடலை எங்கள் பிள்ளை கீறியிருந்தாள். ஞானசவுந்தரி கழுத்தை நீட்டிப் பார்த்தார். யூலியானா திரையைப் பார்க்கவில்லை. தாயைத்தான் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“அன்பான பங்கு மக்களே!” என்று முழங்கினார் அன்ரனிதாஸ். “இந்தா வாறான் ஒல்லாந்தன்! முதல் குண்டைப் போடப்போறான்!”

முதலில் தூரத்தில் ஒரு குத்து. தும் என்று.

அந்தக் குத்து எங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு, தலைக்கு மேலே, அது கூவிக்கொண்டு வந்தது.

நான் கதிரையில் இருந்தேன். பிறகு சீமெந்து நிலத்தில் கிடந்தேன். இடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. குப்புறக் கிடந்தேன். காதைப் பொத்தியிருந்தேன். வாயைத் திறந்து வைத்திருந்தேன். காது கிழியாமல் இருக்க வாயைத் திறக்கவேண்டும் என்று எவரும் எனக்கு அப்போது நினைவூட்டவில்லை. உடம்பு தானே செய்தது. என் மூக்குக்கு முன்னால் யாரோ வெளிநாட்டு மனுசியின் சரிகைத் தலைப்பு. அந்த மனுசி கைப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிடந்தார். பங்குச்சுவாமி மேசைக்குக் கீழே. கதிரைகள் சரிந்து விழுகிற சத்தம். அதற்கு மேலாக, இரண்டு பக்கப் பெட்டிகளிலும், மண்டபம் அதிர, அன்ரனிதாஸின் குரல்:

“படுங்கோ! விழுந்து படுங்கோ! பிள்ளையளைப் பிடியுங்கோ!”

மேடையில் அவரும் குப்புறத்தான் கிடந்தார். மைக்கைக் கை விடவில்லை.

குண்டு வெடித்தது. யன்னல் பொலித்தீன் படபடத்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை.

தலையைத் தூக்கினேன். மண்டபத்தில் இரண்டு சனம் இருந்தது. படுத்திருந்த சனம் ஒன்று, நின்ற சனம் ஒன்று. நின்றது முழுக்க இளசுகள். முதலில் சிரித்தார்கள். சிலர் போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். தங்கள் தாயும் தகப்பனும் காலடியில் கிடப்பதைக் கண்டபிறகு சிரிப்பு அறுந்துபோனது. திரையில் பறங்கித் தளபதி சுவருக்குள் இறுகிக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பிழையும் திருந்தவில்லை. ஒல்லாந்தன் அடுத்த குண்டுக்கு ஆயத்தம். அது வெடிப்பதற்கு முன்னால் குருபரன் நிலத்தோடு நிலமாகத் தவழ்ந்து போய், சுவரில் இருந்த வயரைப் பிடுங்கினார்.

யூலியானா பிறந்தது, அவள் வீட்டார் போரில் இடம்பெயர்ந்து அலைந்து ஊருக்குத் திரும்பிய பிறகு. ஷெல் கூவுவதை அவள் கேட்டதில்லை. இலவசமாகக் கிடந்த சத்தம் எது என்று அவளுக்குத் தெரிய ஞாயமில்லை. வெள்ளை வெளேரென்ற முகத்தோடு மேடையால் குதித்துத் தாயிடம் ஓடினாள்.

ஞானசவுந்தரி பக்கத்துக் கதிரையில் இருந்த யாரோ வீட்டுக் குழந்தையை நிலத்தில் வைத்து, அதன்மேல் கவிழ்ந்து கிடந்தார். குழந்தை வீரிட்டுக் கத்தியது. அவர் விடவில்லை.

“அம்மா, எழும்புங்கோ. அது விளையாட்டம்மா.”

“கிட. ரண்டாவது வரும்.”

“வராது அம்மா. நிப்பாட்டியாச்சு.”

“ரண்டாவதுதான் ஆக்களைக் கொண்டுபோறது. கிட எண்டு சொல்லுறனெல்லே!”

யூலியானா பெருநாள் சட்டையோடு தாய்க்குப் பக்கத்தில் குப்புறப் படுத்தாள். தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டாவது வராது என்பது அந்த உடம்புக்குத் தெரியும்வரை அப்படியே கிடந்தாள். நாங்கள் எழும்பி உடுப்பைத் தட்டினோம். கதிரைகளை நிமிர்த்தினோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கோபப்பட்டுக் கத்தியிருந்தால் கூட நல்லாயிருந்திருக்கும். எல்லாருக்கும் வெட்கம்.

அதோடு முடியவில்லை. அடுத்தநாள் கடைக்குப் போனேன். இளசுகள் பிடித்த வீடியோ உலகம் முழுக்கப் போயிருந்தது. அன்ரனிதாஸின் ‘படுங்கோ’வுக்கு எவனோ மேளம் கூடச் சேர்த்திருந்தான். ரொறன்ரோவில் இருந்து தர்சன் என்ற பெடியன் போனில் துள்ளிக்கொண்டிருந்தான்.

“அக்கா, ஒண்டையும் மாத்தாதேங்கோ! சனம் அள்ளுப்பட்டு விளையாட்டை இறக்குது. உந்தச் சத்தத்தைக் கேக்கத்தான் இறக்குதுகள்! மற்றப் பிழையளை ஆறுதலாத் திருத்துவம்.”

“தம்பி, நான் மைக்கில கத்தினதைக் கேட்டனீரோ?” என்றார் அன்ரனிதாஸ்.

“அதுதானே அண்ணை விசயமே! சும்மா கலக்கிப்போட்டியள்!”

அன்ரனிதாஸ் போனை மேசையில் குப்புற வைத்தார். தர்சன் மேசைக்குள் பேசிக்கொண்டே இருந்தான்.

“சொல்லுங்கோ ஐயா,” என்றார் குருபரனிடம். “சொன்னனான்தானே எண்டு சொல்லுங்கோ. வாங்கிக்கொள்ளுறன்.”

“என்னத்தைச் சொல்ல அண்ணை? நானும்தானே படுத்தனான். பொறுத்து விட்டிருந்தாலும் அந்தச் சத்தம் உள்ளுக்க இருந்திருக்கும். போனில நானும் கேட்டனான், பேசாமல்தானே இருந்தனான்.”

எனக்கு இது புதிய அதிர்ச்சி. வென்றவன் வெற்றியை வேண்டாம் என்கிற கூட்டத்தை என் முப்பது வருசத்தில் நான் கண்டதில்லை.

யூலியானா கணினியைத் திறந்தாள். விளையாட்டை இறக்குகிற இடத்திலிருந்து அதை எடுக்கப்போகிறாள் என்று விளங்கியது. பழக்கதோசத்தில் நான் வாயைத் திறந்தேன்.

“பிள்ளை, கூட்டத்தில எடுத்த தீர்மானம். மாத்திறதெண்டால் திரும்பவும் கூட்டம் கூட்டவேணும்.”

“கூட்டம் விழுந்து படுத்திட்டுது தோழர்,” என்றாள், திரும்பாமல். “நிண்டது நான்தான்.”

எடுத்துவிட்டாள். உலகமே கேட்டு வந்த நேரத்தில் எடுத்தாள்.

இப்போது மாதங்களாகின்றன. விளையாட்டு இன்னும் திரும்ப வெளியில் வரவில்லை. தர்சன் குழுவை விட்டே போய்விட்டான். போன கிழமை யூலியானா வீட்டுக்குப் போனேன். பின்வளவில் அன்ரனிதாஸ் சறத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கவிழ்த்துக் கிடந்த பழைய வள்ளத்துக்கு உலக்கையால் போட்டுக்கொண்டிருந்தார். குருபரன் வெறும் தண்ணீர்த் தாங்கிக்குள் தலையை விட்டு, அதற்குள் ஒலிப்பதிவுக் கருவியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பீரங்கிச் சத்தம் தயாரிக்கிறார்களாம்.

குசினிக்குள் ஞானசவுந்தரி திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டி. யூலியானா பதிந்த சத்தத்தைப் போட்டாள்.

டமார்.

“நல்லாத்தானே கிடக்கு பிள்ளை,” என்றார் தாய். “விடன்.”

யூலியானா தாயின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கை நிண்டுட்டுது அம்மா.”

“எப்ப நிண்டது?”

“இப்பவும் நிண்டுதான் கிடக்கு.”

ஞானசவுந்தரி தன் கையைக் குனிந்து பார்த்தார். தேங்காய்ப் பாதி திருவலைப் பல்லில் அசையாமல் இருந்தது. அதை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் வெளிறியிருந்தன. யூலியானா அந்தச் சத்தத்தை அழித்தாள்.

அன்ரனிதாஸ் வேர்க்க விறுவிறுக்க வாசலில் வந்து நின்றார். “என்ன மாதிரி?”

“சரிவரேல்லை அண்ணை.”

பெருநாளுக்கு விடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற மனுசன். “அப்ப சாக்கைச் சுத்திப்போட்டு அடிச்சுப் பாப்பம்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

நான் எழும்பினேன். ஞானசவுந்தரி எழும்பவில்லை. திருவி முடியாத பாதியைத் திரும்பவும் பல்லில் வைத்து, காலைச் சரிசெய்துகொண்டு இருந்தார்.

“அடுத்ததைப் போடு பிள்ளை. சத்தத்தைக் கூட்டிப் போடு. நான் இருக்கிறன்.”