தறிக்குழிக்கு வந்த எம்.எல்.ஏ.

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. இரண்டாம் முறையாக ஜெயித்தவர். ஆனாலும் பட்டுக்கடை முதலாளியாக மட்டும் இருந்த நாளின் வழக்கம் ஒன்று அவரை விடவில்லை. கைக்கு எட்டும் துணி எதுவானாலும் இரண்டு விரலால் நீவித் தரம் பார்ப்பார். ஓட்டுக் கேட்டு வந்தபோது என் சட்டையையும் நீவினார், உடனே விட்டுவிட்டார்.

சென்ற மழையில் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருச் சாக்கடை பொங்கியது. எதிர்வீட்டு அக்கா கால் வைத்து நெய்யும் தறிக்குழியில் முழங்கால் அளவு தண்ணீர். நாங்கள் கூப்பிட்டதும் கட்சிக்காரர்கள் சூழ எம்.எல்.ஏ. வந்தார். நேராகத் தறியில் இருந்த பட்டை நீவினார்.

"பார்டர் சூப்பரா வந்துக்கினு இருக்குதும்மா. முடிச்சதும் நம்ம கடைக்கே குடுத்துடு."

"குழியைப் பாருங்கண்ணா. எப்படி முடிக்கிறது?"

"அதெல்லாம் பாத்துக்கலாம்மா. வேற கலர் இருக்குதா?"

அக்கா ஒரு பழந்துணியை இழுத்துப் பட்டை மூடினாள். "நாங்க கூப்ட்டது எம்.எல்.ஏ.வை. கடைக்காரரு வேணும்னா நானே கடைக்கு வந்திருப்பேன்."

அவர் கடகடவென்று சிரித்தார். கூட வந்தவர்களும் சிரித்தார்கள். கார் போனதும் அக்காவும் நானும் வாளியால் தண்ணீரை இறைத்தோம்.

மறுநாள் அவருடைய ஆள் வந்தான். சாக்கடையைப் பார்க்க அல்ல. புடவை எப்போது முடியும் என்று கேட்க. அக்கா கதவைச் சாத்தினாள்.

வேண்டுமென்றே பார்க்காமல் போனவர் என்றால் திட்டித் தீர்த்திருப்பேன். அந்தத் தண்ணீர் அவர் கண்ணில் பட்டதா என்பதே எனக்கு இன்னும் விளங்கவில்லை.