வண்டியை முந்திய சத்தம்

எழுபதுகளின் கடைசியில், ஓர் ஆவணி மாதம், சங்கரன்கோவிலில் நடந்தது இது. எனக்குக் கல்யாணம் ஆகி நாலைந்து நாள்தான் இருக்கும். மறுவீட்டுக்கு அழைத்திருந்தார்கள். மனைவியின் ஊர் இளையரசனேந்தல் பக்கம்.

நான் பஞ்சு கமிஷன் கடையில் எடை போடுகிறவன். அஞ்சாம் வகுப்போடு சரி. எழுதிப் பழக்கமில்லை. இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனதில் கிடந்தது.

அந்தக் காலத்தில் எங்கள் வீதியில் மோட்டார் சைக்கிள் யாரிடமும் கிடையாது. கடையநல்லூரில் எனக்குப் பழக்கமான ஒருவர் வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தார். புது வண்டி வாங்கியிருந்தார். கல்யாணத்துக்கு வந்தவர், "பஸ்ல எதுக்கு இடிபட்டுப் போகணும்? மறுவீட்டுக்கு இதுல கூட்டிட்டுப் போவும் மாப்ளே" என்று சாவியைக் கையில் கொடுத்துவிட்டார். வண்டி ஓட்ட எனக்குத் தெரியும். பஞ்சுக் கடை மைதானத்தில் சுற்றிப் பழகியது. ஆனால் பின்னால் ஆளை வைத்து நான் ஓட்டியதில்லை.

காலையில் கோயிலுக்குப் போய்விட்டுக் கிளம்பினோம். விபூதியும் புற்றுமண்ணும் வாங்கி மடித்துக்கொண்டோம். மனைவி கல்யாணப் பட்டுச் சேலை கட்டியிருந்தாள். பின்சீட்டில் ஒரு பக்கமாக உட்கார்ந்தாள். மடியில் தேங்காய், பழம் வைத்த பை. ஒரு கை அதைப் பிடித்திருந்தது. இன்னொரு கை சீட்டுக்குப் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்திருந்தது. என் தோளைத் தொடவில்லை. தொடும் அளவுக்கு இன்னும் பழகவில்லை. நாலு நாளில் நாங்கள் பேசியதே ரொம்பக் கொஞ்சம்.

வண்டியில் கால் தொங்கும் பக்கம் சேலை சிக்காமல் இருக்க ஒரு கம்பி வலை உண்டு. முதுகுப் பக்கம் ஒன்றும் கிடையாது. சேலை முந்தி தொங்குவது முதுகுப் பக்கம்தான். நான் அதைப் பார்க்கவில்லை. உட்கார்ந்தாளா, சரி, கிளம்பலாம் என்று கிளம்பினேன்.

ஆவணி என்றால் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். முகூர்த்தக் கூட்டம். வீதியில் நடந்தால் யாராவது ஒரு புது ஜோடி எதிரே வரும். கடையில் இருப்பவர்களுக்கு அவர்களைக் கேலி செய்வது ஒரு பொழுதுபோக்கு. வண்டியைக் கிளப்பும்போதே டீக்கடையிலிருந்து ஒருவர், "ஏ மாப்ளே, வண்டி சீதனமா? பொண்ணு வீட்டுல இன்னொண்ணு இருந்தா நமக்கும் சொல்லும்வே!" என்று கத்தினார். கடையே சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. கூச்ச சுபாவம் எனக்கு. அவளும் தலையைக் குனிந்துகொண்டாள். அதற்கப்புறம் அவள் நிமிரவே இல்லை.

ரத வீதியில் திரும்பினேன். அங்கேயும் சத்தம். பாத்திரக் கடையில் ஒருவர் கையை ஆட்டிக் கத்தினார். கேலி செய்கிறார் என்று நினைத்தேன். என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கல்யாண மண்டபத்தில் குழாய் கட்டிப் பாட்டு போட்டிருந்தார்கள். வண்டிச் சத்தம் வேறு. கோபித்துக்கொண்டால் நன்றாக இருக்காது என்று அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனேன்.

அடுத்த கடையிலும் கை ஆட்டினார்கள். அதற்கடுத்த கடையிலும். ஒரு பெண் கூடையைக் கீழே வைத்துவிட்டு நடுவீதிக்கே வந்து கையை விரித்தாள். பெண்பிள்ளைகள் கூடவா இப்படிக் கேலி செய்வார்கள் என்று நினைத்தேன். அவளைச் சுற்றிக்கொண்டு போனேன். இந்த வீதியைத் தாண்டினால் போதும் என்று இருந்தது. வேகத்தைக் கூட்டினேன்.

கொஞ்ச தூரத்தில் எதிரே ஒரு மாட்டு வண்டி. கடலை மூட்டை ஏற்றியது. ஓரமாக வந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் முன்னால் உட்கார்ந்திருந்தார். திடீரென்று கயிற்றை இழுத்து மாட்டைத் திருப்பினார். இரண்டு மாடும் வீதிக்குக் குறுக்கே வந்துவிட்டன. பாரவண்டியும் பின்னால் திரும்பியது. வீதி அடைபட்டுப் போயிற்று. அவர் கீழே குதித்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்கு நேராக நின்றார்.

பிரேக்கை மிதித்தேன். டயர் கத்தியது. முன்சக்கரம் மாட்டு வயிற்றுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. மாட்டு உடம்புச் சூடு என் கையில் பட்டது. மாடு அசையவில்லை. அவரும் அசையவில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என்னவே, கண்ணு தெரியலயா? ரோட்டுக்குக் குறுக்க மாட்டக் கொண்டாந்து நிறுத்துதீரு?" என்று கத்தினேன்.

அவருக்கு என் வயதுதான் இருக்கும். தலையில் துண்டு. கத்தவே இல்லை. "மொதல்ல எஞ்சின அமத்தும்வே. அப்புறம் என்னைய வையும்" என்றார். அவர் குரல் நடுங்கியது. அதைக் கேட்டுத்தான் ஏதோ ஆகியிருக்கிறது என்று எனக்குப் பட்டது. அமர்த்தினேன்.

"இப்போ பின்னால பாரும்."

பார்த்தேன். என் மனைவியின் முந்தி பின்சக்கரக் கம்பிகளுக்குள் போயிருந்தது. சுருண்டு சுருண்டு, சங்கிலி எண்ணெய் மசி ஏறிக் கறுத்து, கயிறு மாதிரி முறுகி இருந்தது. அவள் தோள் சக்கரத்தை நோக்கிச் சாய்ந்து கிடந்தது. மடியில் இருந்த பையைக் காணோம். ஒரு கை சீட்டுக் கம்பியை விடாமல் பிடித்திருந்தது. இன்னொரு கை கழுத்துப் பக்கம் சேலையை இறுக்கிப் பிடித்து, சக்கரத்துக்கு எதிராக இழுத்துக்கொண்டிருந்தது. பட்டு கிழியாது. இன்னும் ஒரு சுற்று சுற்றியிருந்தால் ஆள்தான் போயிருப்பாள்.

நான் பதறி வண்டியைத் தள்ளப் போனேன். "முன்னால உருட்டாதேயும்! இன்னும் இறுகும்" என்று வண்டிக்காரர் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டார். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் உருட்டினோம். பாதிக்கு மேல் வரவில்லை. பல்சக்கரத்தில் மாட்டியிருந்தது. சேலையை அறுத்தால்தான் ஆளை எடுக்க முடியும்.

நடு வீதி. நல்ல வெயில். சுற்றி அத்தனை கூட்டம். புதுப்பெண்.

பூ விற்கிற பெண்கள் நாலைந்து பேர் வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். "நடுங்காத மக்கா. ஒண்ணுமில்ல. நாங்க இருக்கோம்லா" என்று ஒருத்தி அவள் தலையைத் தன் மேல் சாய்த்துக்கொண்டாள். இன்னொருத்தி பூ நறுக்குகிற கத்திரியை எடுத்தாள்.

அப்போது நான் திரும்பிப் பார்த்தேன். வீதியில் இருந்த ஆண்கள் எல்லோரும் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். கடைக்குள் இருந்தவர்கள் சுவரைப் பார்த்து நின்றார்கள். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கித் திரும்பி நின்றார்கள். வண்டிக்காரர் மாட்டின் நெற்றியில் கை வைத்து, மாட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி நிற்கும்படி யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அந்த நெரிசல் வீதி முழுக்க முதுகு. மண்டபத்துப் பாட்டு மட்டும் கேட்டது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இப்போது எழுதும்போதும் சிலிர்க்கிறது.

பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அம்மா தன் நூல் சேலை ஒன்றைக் கொண்டுவந்தார். அதைச் சுற்றிவிட்டு, "ஆச்சு" என்று ஒருத்தி சொன்னாள். வீதி திரும்பி நடக்க ஆரம்பித்தது.

வண்டிக்காரரிடம் போனேன். "ஒங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது? நீங்க எதுத்தாப்புல வந்தீய. சேலை எனக்குப் பின்னால கிடந்துது" என்றேன்.

"நான் எங்க கண்டேன்? பூக்கடையில சொன்னாவ. பூக்கடைக்குப் பாத்திரக் கடையில இருந்து சத்தம் வந்துச்சு. கோயில் வாசல்லேருந்து 'சேலை, சேலை'ன்னு ஒவ்வொரு கடையா கத்திக்கிட்டே வருதாவ. உமக்கு ஒருத்தருக்குத்தான்வே கேக்கல."

மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். பேர் கேட்க மறந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அந்த வீதியில் நடந்து போனேன். நன்றி சொல்ல வேண்டும். பாத்திரக் கடைக்காரர் என்னைக் கண்டதும் சிரித்துவிட்டார். "நான் தொண்டை கிழியக் கத்துதேன். நீரு பெரிய தலைவர் மாதிரி கும்பிடு போட்டுட்டுப் போறீரு!" கடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. முதலில் பார்த்தது யார் என்று கேட்டேன். "எனக்கு வளையல் கடையில சொன்னாவ" என்றார். வளையல் கடையில் கேட்டால், தேங்காய்க் கடையைக் காட்டினார்கள். தேங்காய்க் கடைக்காரர், "யாரோ கத்துனாவ. நானும் கத்துனேன்" என்றார். முதலில் பார்த்தவர் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அவர்களில் ஒருவருக்கும் நான் யார் என்று தெரியாது. என் சாதி, வீடு தெரியாது. ஒரு சேலை சக்கரத்துப் பக்கம் ஆடியதைக் கண்டார்கள். கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுக் கத்தினார்கள். நான் ஓட்டிய வேகத்தைவிட அவர்கள் கத்தல் வேகமாகப் போயிருக்கிறது.

சேலை சிக்கிய அன்று மறுவீட்டுக்குப் பஸ்ஸில்தான் போனோம். மாமனார் வீட்டில் சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருந்தபோது அவள் உள்ளங்கையைப் பார்த்தேன். சேலை உரசித் தோல் போயிருந்தது.

"கூப்பிட்டிருக்கலாம்லா?" என்றேன்.

"கூப்பிட்டேன். 'ஏங்க'ன்னேன். திரும்பல." உள்ளங்கையை மடக்கிக்கொண்டாள். "அப்புறம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். ரெண்டு தடவ. அதுவும் கேக்கல." பிறகு மெதுவாக, "தப்பா?" என்று கேட்டாள்.

எங்கள் பக்கம் பெண்டாட்டி புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதுதான் முதல் தடவை. "இனிமே பேரைச் சொல்லியே கூப்பிடு" என்றேன். அவள் அப்புறம் ஒரு நாளும் சொன்னதில்லை. வண்டியில் ஏறினால் என் தோளைப் பிடித்துக்கொள்வாள். அவ்வளவுதான்.

பின்னால் நானும் ஒரு வண்டி வாங்கினேன். யார் ஏறினாலும் முந்தியை இடுப்பில் செருகியதைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். வீதியில் யார் கை காட்டினாலும் நிறுத்திவிடுவேன். பலதடவை அது வேறு யாருக்கோ காட்டியதாக இருக்கும். பரவாயில்லை. ஸ்டாண்டை மடக்காமல் போகிறவனைக் கண்டால் நானும் கத்துவேன். அவன் கேட்டானா இல்லையா என்று பார்க்க மாட்டேன். அடுத்த ஆளுக்குக் கேட்டால் போதும்.

எங்களுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். அந்த வீதியில் அன்று எத்தனை பேர் கத்தினார்கள் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது; ஆனால் அதில் நடுவில் ஒருவர், நமக்கென்ன என்று வாயை மூடியிருந்தால், என் வீட்டில் இத்தனை பேர் இல்லை.