ஹாரன் போகாத தீவு

தேயிலை விலை அதலபாதாளத்துக்குப் போய், பறித்த பச்சை இலையை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போன வருஷங்கள் அவை. அப்போதும் தனசிங்கின் ஜீப் மட்டும் தலை குனியவில்லை. நீலகிரியில், கட்டபெட்டுக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் அவர் ஃபீல்டு ஆபீசர். தொழிலாளர்களிடம் வாய் திறந்து பேசுவது உத்தியோகத்துக்கு இழுக்கு என்பது அவர் கொள்கை. ஒரு நீள ஹாரன் என்றால், இலையை எடை போட வா. இரண்டு குட்டை ஹாரன் என்றால், வாயை மூடிக்கொண்டு பறி. வீட்டு வாசலில் அடித்தால், மனைவி ஜெஸிந்தா காபியுடன் வந்து கேட்டைத் திறக்க வேண்டும்.

இப்பேர்ப்பட்ட ஜீப்பை விற்றுவிடலாமா என்று கம்பெனி கேட்டிருந்தது. முடிவு புது மேனேஜர் அருண்பிரசாத்தின் கையில். கோயமுத்தூர்க்காரர். "வண்டிச் சத்தமே இல்லாத இடம் இந்த மலையில இருக்குங்களா?" என்று ஒருநாள் சும்மா கேட்டார். தனசிங் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அணைத் தண்ணீருக்கு நடுவே ஒரு குட்டித் தீவு உண்டு. மூழ்காமல் தப்பிய குன்றின் உச்சி. அங்கே சைக்கிள்கூடப் போனதில்லை. மேனேஜரை அங்கே கூட்டிப்போய், வயிறாரச் சோறு போட்டு, ஜீப்பைக் காப்பாற்றிவிடுவது என்று தீர்மானித்தார். ஜீப்புக்காக வாதாட ஜீப் போக முடியாத இடத்தைத் தேர்ந்தெடுப்பதற்குத் தனி மூளை வேண்டும். அவருக்கு அது இருந்தது.

ஜனவரி மாத ஞாயிறு. புல்வெளியெங்கும் உறைபனி. தனசிங்கே ஜீப்பை ஓட்டிவந்து கரையில் நிறுத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். பரிசல்காரன் ஆறுக்குட்டி இருவரையும் தீவில் இறக்கினான்.

"திருப்பி எப்ப வரோணுங்க?"

"ஹாரன் அடிப்பேன். ஹாரன் கேட்டாத்தான் வரோணும். நடுவுல வந்து சாரைத் தொந்தரவு பண்ணீறாதே."

ஆறுக்குட்டி அவரைப் பார்த்தான். கரையில் நின்ற ஜீப்பைப் பார்த்தான். பெரிய மனுசர் சொன்னால் காரணம் இருக்கும் என்று கிளம்பிவிட்டான்.

ஜெஸிந்தா கட்டிக்கொடுத்த கோழிக் குழம்பு நன்றாக வேலை செய்தது. மேனேஜர் இரண்டாம் முறை போட்டுக்கொள்ளும்போது தனசிங் ஆரம்பித்தார். "நம்ம ஆளுங்க யாரு சொன்னாலும் அசைய மாட்டாங்க சார். ஹாரன் சத்தத்துலதான் எஸ்டேட்டே ஓடுது."

"அப்படீங்களா?" என்றார் மேனேஜர்.

மதியம் சாய்ந்ததும் லேசாக மஞ்சுமூட்டம் இறங்கியது. குளிரில் மேனேஜருக்குப் பல் தந்தியடித்தது. "போலாமுங்க தனசிங்."

தனசிங் எழுந்தார். அவருடைய வலது உள்ளங்கை தானாக முன்னே போய் வெறும் காற்றை அழுத்தியது. அப்போதுதான் விஷயம் அவருக்குப் பிடிபட்டது.

கத்தினார். விசிலடித்தார். துண்டை ஆட்டினார். அக்கரையில் தீ மூட்டிக் குளிர்காய்ந்துகொண்டிருந்த ஆறுக்குட்டி பதிலுக்குக் கையை ஆட்டினான். மரியாதை தெரிந்தவன்.

மேனேஜரின் உதடு நீலம் பூத்த நேரத்தில், மேலே ரோட்டில் போன ஒரு கேரட் லாரி, குறுக்கே வந்த எருமைக்காக நீளமாக ஹாரன் அடித்தது. ஆறுக்குட்டி துள்ளி எழுந்து பரிசலைத் தள்ளினான்.

"அவ்வளவு நேரம் கூப்பிட்டது கேக்கலையாப்பா?" என்றார் மேனேஜர், பரிசலில் ஏறிக்கொண்டே.

"நல்லாக் கேட்டுதுங்க. ஐயா ஹாரனுக்குத்தான் வரச் சொன்னாருங்க."

"அடிச்சது லாரிக்காரனாச்சே."

"யாரு அடிச்சா என்னங்க? ஹாரன் ஹாரன்தானுங்களே."

கரை சேர்ந்ததும் மேனேஜர் நேரே ஜீப்புக்கு நடந்தார். ஜீப்பில் ஏறி, கை கால் சூடான பிறகு சொன்னார்: "நீங்க சொன்னது ரொம்பச் சரிங்க தனசிங். ஜீப்பை விக்க வேண்டாம்னு எழுதிடறேன்."

தனசிங்குக்குக் கண் கலங்கிவிட்டது. "ரொம்ப நன்றிங்க சார்."

"ஃபாக்டரி டிரைவர் சுடலைமணியே ரவுண்டு போய் ஹாரன் அடிக்கட்டும். ஃபீல்டு ஆபீசர் போஸ்ட்டை மட்டும் எடுத்துரலாம். நீங்க ஃபாக்டரியில இலை எடை பாருங்க."

தனசிங் கேட்டது கேட்டபடியே கிடைத்துவிட்டது. கியரை மாற்றினார்.

மறுநாள் காலை நடந்தே கிளம்பினார். தான் ஆண்ட தோட்டத்தில் ஃபாக்டரிக்கு இறங்கும் ஒற்றையடிப் பாதை எதுவென்று அவருக்குத் தெரியவில்லை. இலை பறித்துக்கொண்டிருந்த அம்சவேணியிடம் கேட்டார்.

"இப்படியே எறங்குங்க ஐயா. பனி வழுக்கும், பூட்ஸைக் கழட்டிக் கையில புடிச்சுக்குங்க."

தனசிங் குனிந்து, பூட்ஸைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உறைபனியில் வெறுங்காலோடு இறங்கினார். அம்சவேணி தன் ரப்பர் பூட்ஸைக் கழற்றவில்லை.