யானைக்கு மூன்று பக்கம்

அரசர்களின் கல்யாணங்களைப் பற்றிய அந்தத் தடித்த புத்தகத்தை ஆரணி பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துக் கடையில் வாங்கினேன். எழுதியவருக்கு எல்லா ராஜாவும் மாவீரன், எல்லா ராணியும் பேரழகி. ஒருவனுக்கும் பல்வலிகூட வந்ததில்லை. எரிச்சலோடுதான் படித்தேன், ஆனால் கீழே வைக்க முடியவில்லை. எல்லைச் சண்டை தீர ஒரு பெண், கோட்டை திரும்பக் கிடைக்க இன்னொருத்தி. இந்த மகாராஜாக்களுக்கு நம் ஊர்க் கல்யாணத் தரகர்களே தேவலை. நல்ல இடங்களைத் தறியில் இருக்கும் அப்பாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். விருந்து வரும் பக்கங்கள் என்றால் அவருக்கு உயிர்.

ஒரு ராஜா வேட்டைக்குப் போகிற அவசரத்தில், தன் கல்யாணத்துக்குத் தன் வாளை அனுப்பிவைத்தானாம். மேடையில் சாய்த்து வைத்த வாளுக்கு அந்தப் பெண் மாலை போட்டாள். இதற்கு ஆசிரியர் ஒதுக்கியது ஒரே வாக்கியம். ஊர்வல யானைகளுக்கு மூன்று பக்கம். பெண்ணுக்குப் பெயர்கூட இல்லை. அப்பா கேட்டுவிட்டு, "த்தூ" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சேத்துப்பட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அப்பா பல மாதமாகத் தவம் கிடந்த சம்பந்தம். ஒரு வேன் நிறைய ஆட்கள் இறங்கினார்கள், மாப்பிள்ளையைத் தவிர.

"ஆபீஸ்ல லீவு குடுக்கலண்ணே. அதனால இன்னா, போன்ல வருவான்," என்றார் அவன் அம்மா.

தாம்பாளத்துத் தேங்காயின்மேல் போனைச் சாய்த்து வைத்தார்கள். கூலிங்கிளாஸோடு வந்தான். பின்னால் பச்சைப் பசேலென்று தேயிலைத் தோட்டம். இரண்டு நண்பர்கள் கையாட்டினார்கள். "ஹாய்" என்றான், சிக்னல் போய்விட்டது. ஆபீசுக்குள் தேயிலை பயிரிடுகிறார்கள் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும்.

அவன் அம்மாவுக்கு வெட்கமே இல்லை. "புடிச்சிருக்குன்னு முன்னாடியே சொல்லிட்டான். ஜல்தியா பூ வச்சிடலாம். போன்ல அவன் போட்டோ கீது, பொண்ணு பக்கத்துல வச்சு ஒரு படம் எடுத்துக்கலாம்."

பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பிறகு நான் அவர்கள் வீட்டுச் சொத்து. பூவோடு அந்தம்மாள் எழுந்துவிட்டார். அப்பா தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார்.

"அப்பா, வாளு வந்துகீது," என்றேன்.

வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்பா மெதுவாக எழுந்தார். போனை எடுத்து, ஒட்டியிருந்த குங்குமத்தைத் துண்டால் துடைத்து, அந்தம்மாள் கையில் கொடுத்தார்.

"பூவ எடுத்துகினு போங்கம்மா. எம் பொண்ண போனுக்குக் குடுக்கறதா இல்ல."

"இருபத்தெட்டு வயசுப் பொண்ண வச்சிகினு இவ்ளோ திமிரா?"

"ஆமாம்மா," என்றார் அப்பா.

வேன் போன பிறகு, அவர்களுக்காகக் கிண்டிய கேசரியை வீட்டில் நாங்களே சாப்பிட்டோம். அவன் மூஞ்சிக்கு அந்த நெய் அதிகம். அப்பா மட்டும் தட்டைத் தொடவில்லை.

"அந்த வாளுக்கு மாலை போட்டாளே, அவளுக்கும் ஒரு அப்பன் இருந்திருப்பான் இல்ல? அவன் இன்னா பண்ணிகினு இருந்தான்?"

"யானைய வேடிக்கை பாத்துகினு இருந்திருப்பான்," என்றேன்.