திருநீறு பூசிய குழாய்

ரப்பர் கொட்டை ஓட்டைக் காற்றுப் படாமல் கருக்குவதுதான் என் ஆராய்ச்சி. அப்படிக் கருகும்போது சில எலக்ட்ரான்கள் ஜோடியை இழந்துவிடும். ஆனாலும் கரிக்குள் வருடக்கணக்கில் நிம்மதியாக இருக்கும். நிலையான ஃப்ரீ ரேடிக்கல் என்று பெயர். புக்கிட் செலம்பாவ் ஊரில் எங்கள் வீட்டில் இதை அம்மாவிடம் விளக்கியிருக்கவே கூடாது.

"ஜோடி இல்லாம நிம்மதியா இருக்குமாம். உனக்கேத்த படிப்புதான் லா," என்றாள். கல்யாணப் பேச்சை நான் தட்டிக்கழித்துக்கொண்டிருந்த நேரம் அது.

அந்த எலக்ட்ரான்களைக் காந்தக் கருவி திரையில் ஒற்றைக் கோடாகக் காட்டும். எனக்கு அதுவரை கோடே வந்ததில்லை. கொட்டை ஓட்டை அளவுக்கு மீறிக் கருக்கியதுதான் காரணம். இந்த முறையும் வராவிட்டால் தலைப்பை மாற்று என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பதமாகக் கருக்கிய கரியை மெல்லிய குழாயில் அடைத்து, முந்தின நாளே வீட்டில் ஒரு பெட்டியில் வைத்தேன். காலையில் குருண் டவுனில் பஸ் ஏறினேன்.

ஆய்வகத்தில் அவசரமாகக் குழாயைக் கருவிக்குள் செருகினேன். திரையில் நடுவே பெரிய கோடு. அதன் இருபுறமும் மும்மூன்றாக ஆறு சின்னக் கோடுகள்! உலகத்தில் யாருமே பார்க்காததைப் பார்த்துவிட்டேன் என்று மனதுக்குள் மேடையேறி மாலையும் வாங்கிக்கொண்டேன். ஓடிப்போய்ப் பேராசிரியரை அழைத்து வந்தேன்.

அவரும் தமிழர்தான். கோடுகளைப் பார்த்தார், குழாயை உருவி வெளிச்சத்தில் பிடித்தார்.

"அந்த ஆறும் மாங்கனீஸ் மா. கடைத் துன்னூறுல வெள்ளைக் கல்லுப் பொடி சேர்ப்பாங்க, அதுல இருக்கும். வீட்டுல யாரு பூசுனது?"

குழாயின் அடியில் வெள்ளையாக ஒரு விரல் தடம். பரீட்சைப் பேனாவுக்கும் புது மோட்டார் சைக்கிளுக்கும் பூசுகிற அம்மாவின் கை இதை மட்டும் விட்டுவிடுமா? வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. துடைத்துவிட்டு மறுபடி செருகினேன். ஆறும் காணாமல் போயின. நடுக்கோடு மட்டும் கம்பீரமாக நின்றது.

"தலைப்பு அப்படியே இருக்கட்டும்," என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கத்தினேன். அவள் அசரவில்லை.

"துன்னூறோட எத்தன கோடு?"

"ஏழு."

"தொடச்சப்புறம்?"

"ஒண்ணு."

"ஆறத் தொலைச்சிட்டு வந்து என்கிட்ட சண்டை போடுறே. சரி, அந்த ஒண்ணு யாரு புண்ணியத்துல வந்துச்சாம்?"

அடுத்த முறை குழாயைப் பெட்டியில் வைத்துப் பூட்டினேன். பிறகு நானே பெட்டியை அவளிடம் நீட்டினேன்.

"மூடி மேல மட்டும் பூசும்மா."