தெருப்பக்க ஜன்னலுக்கு ஒரு தட்டி

லாத்தாவுக்கு இழுப்பு உண்டு. எங்கள் வீட்டில் அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். காற்று ஓடாத இடத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் போதும், அவள் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்டவளை ஜன்னல் சாத்திய அறைக்குள் நாலு மாதம் பத்து நாள் வைப்பது என்று பெரியவர்கள் முடிவு செய்தபோது எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் ஆறவில்லை.

மச்சான் துபாயில் மவுத்தாகிவிட்டார். மய்யித்தை அங்கேயே அடக்கினார்கள். செய்தி வந்ததும் லாத்தா இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவள் அந்நிய ஆண்களின் கண்ணில் படாமல் வீட்டோடு இருந்து கழிக்கிற காலம் அது. அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை, அவளுக்கும் இல்லை. என் சண்டையெல்லாம் அந்த ஜன்னலோடுதான். கீழக்கரையில் எங்கள் தெரு இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்கிற தெரு. லாத்தாவின் அறைக்கு இருந்தது ஒரே ஜன்னல், அதுவும் தெருவைப் பார்த்து. நாலு வீடு தள்ளிப் பள்ளிவாசல். ஐந்து வேளைத் தொழுகைக்கும் ஆண்கள் அந்த ஜன்னலை உரசிக்கொண்டுதான் போவார்கள்.

வாப்பா இல்லாத வீட்டில் பெரிய மாமா சொன்னதுதான் சட்டம். "ஜன்னல் கதவைச் சாத்திக் கொண்டி போடுங்க. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமா?" என்றார். உம்மா தலையை ஆட்டினாள். சாத்திய மறுநாளே லாத்தா தலையணையைக் கட்டிக்கொண்டு, முதுகை வளைத்து, மூச்சுக்காகப் போராடினாள். வாயில் வைத்து அழுத்துகிற மருந்துப் பம்பு அன்றைக்கு அவள் கையை விட்டு இறங்கவே இல்லை.

நான் மாமாவிடம் போய் நின்றேன். "கண்ணு உள்ள போகக் கூடாது, காத்து போகணும். அம்புட்டுத்தானே மாமா? நான் தட்டி செஞ்சு மாட்டுறேன்."

"செய்யி. ஆனா ஒருத்தன் கண்ணுல அந்தப் புள்ள பட்டுச்சுன்னு என் காதுக்கு வந்துச்சு, அன்னிக்கே குறுக்குப் பலகை வச்சு அடிச்சுருவேன். பாத்துக்க."

ராமநாதபுரம் கடைகளில் விற்ற மூங்கில் தட்டிகளில் விரல் நுழைகிற இடைவெளி. அளவுக்குச் செய்யச் சொல்லலாம் என்றால் ஆசாரி அறைக்குள் வந்து அளவெடுக்க வேண்டும். ஆண் வரக் கூடாத அறை அது. ஆகவே எல்லாவற்றையும் நாங்களே செய்வது என்றாயிற்று. தென்னை ஈர்க்குக் கட்டுகளும், வலை பின்னுகிற நைலான் நூலும் வாங்கி வந்தேன்.

"வெளக்கமாத்தைப் பிரிச்சு ஜன்னலுக்குக் கட்டப்போறியாக்கும்? நல்லா வெளங்கும்" என்றாள் உம்மா.

அவள் சொன்னது பாதி பலித்தது. ஈர்க்குகளை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக வைத்துக் கட்டிக்கொண்டே போனேன். முழங்கை நீளம் வந்தபின் பார்த்தால் தட்டி விசிறி மாதிரி ஒரு பக்கம் விரிந்து கிடக்கிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த லாத்தாதான் வாயைத் திறந்தாள்.

"அடி கூறுகெட்டவளே, ஈர்க்கோட அடி தடியா இருக்கும், நுனி மெல்லிசா இருக்கும். ஒண்ணு அடி, ஒண்ணு நுனின்னு மாத்தி மாத்தி வையி."

செய்தி வந்த பிறகு அவள் பேசிய முதல் நீளமான பேச்சு அது. திட்டு வாங்கியதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிறகு அவளே பக்கத்தில் வந்து உட்கார்ந்து முடிச்சுப் போட ஆரம்பித்தாள். இடைவெளியை நகத்தால் தள்ளித் தள்ளி நெருக்கினாள். என் முடிச்சுகளில் பாதியை அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டாள்.

கச்சான் காற்று வீசுகிற காலம். தெரு மண்ணையே வாரி எறிகிற காற்றுக்கு ஈர்க்குத் தட்டி எம்மாத்திரம்? ஒரு தடவை தூக்கி அடித்தால் போதும், லாத்தா மொத்தத் தெருவுக்கும் தெரிந்துவிடுவாள். அந்த நினைப்பிலேயே எனக்குத் தூக்கம் போனது. கீழ்விளிம்பில் பச்சைத் துணிக்கரை வைத்துத் தைத்து, அதற்குள் வலையில் கட்டுகிற ஈயக்குண்டுகளைப் போட்டேன். ஓரங்களில் ஓட்டை போட்ட சிப்பிகளை வரிசையாகக் கோத்தேன். உம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"இத்தா வீட்டுல என்னடி அலங்காரம்? பாக்குறவுக என்ன சொல்லுவாக?"

"அலங்காரமில்ல உம்மா, பாரம்" என்றேன். அலங்காரமும்தான். நாலு மாதம் ஒரே ஜன்னலைப் பார்த்துக் கிடக்கப் போகிறவளுக்கு, பார்க்கிற மாதிரி ஒன்று இருந்தால் என்னவாம்?

மாட்டுவதற்குள் உயிர் போய்விட்டது. உப்புக்காற்றில் ஊறிய சுண்ணாம்புச் சுவர். ஆணி அடித்தால் பொலபொலவென்று மாவாகக் கொட்டியது. கடைசியில் சுவரை விட்டுவிட்டு மரச்சட்டத்திலேயே கொக்கிகளை முறுக்கி ஏற்றினேன். முக்காலியை உம்மா பிடித்துக்கொண்டாள். "விழுந்து தொலைக்காதடி, அவளை ஒருத்தியைப் பாக்கவே எனக்கு சீவனில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பிறகு சோதனை. நல்ல மத்தியானத்தில் உம்மா தெருவில் நின்று, ஜன்னலில் மூக்கை ஒட்டிவைத்துப் பார்த்தாள். மாமாவும் வந்து பார்த்தார். ஒன்றுமே தெரியவில்லை. உள்ளே இருந்த லாத்தாவுக்கோ மாமாவின் சட்டைப் பொத்தான் வரை தெரிந்தது. காற்று சிலுசிலுவென்று அறைக்குள் வந்தது. நானே பெரிய இன்ஜினியர் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றேன். இத்தனை பேர் சோதித்தோமே, பகலில்தான் சோதிக்கிறோம் என்று ஒரு மண்டைக்காவது உறைத்ததா?

ஒரு நாள் மஃரிபு நேரம். பம்பு தீர்ந்துவிட்டதென்று மருந்துக்கடைக்குப் போய்விட்டு வேகமாகத் திரும்பினேன். தெரு இருட்டத் தொடங்கியிருந்தது. எங்கள் ஜன்னலைப் பார்த்தேன். யா அல்லாஹ்! அறைக்குள் பல்பு எரிய, தட்டி இருக்கிற இடமே தெரியாமல், லாத்தா கட்டிலில் உட்கார்ந்திருந்தது அப்படியே தெரிந்தது. முக்காடு தோளில் கிடந்தது. எனக்கு முன்னால் தொழுகைக்குப் போகிறவர்கள் நாலைந்து பேர் நடந்துகொண்டிருந்தார்கள். யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை? இன்றைக்கு மட்டுமா, மாட்டிய நாளிலிருந்தா?

உள்ளே ஓடிப்போய் சுவிட்சை அணைத்தேன். "பூச்சி வருது லாத்தா, லைட்டு வேணாம்" என்றேன். துணியை மாட்டி மறைக்கலாம்தான். ஆனால் அந்தி நேரத்தில்தான் அவளுக்கு இழுப்பு கூடும், துணி போட்டால் காற்று நின்றுவிடும். உம்மாவிடம் சொன்னால் மாமாவுக்குப் போகும். மாமாவுக்குப் போனால் பலகை வரும். ஆகவே யாரிடமும் சொல்லவில்லை. தினமும் அந்தி சாயும்போது நான் அந்த சுவிட்சுக்குக் காவல் இருந்தேன். தெருவில் இரண்டு பேர் நின்று பேசினால் எங்களைப் பற்றித்தான் என்று தோன்றும். மாமா செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டாலே ஓடிப்போய் சுவிட்சைப் பார்ப்பேன்.

ஒரு நாள் அந்தியில் லைட்டை அணைத்துவிட்டு நான் பக்கத்து அறையில் சுளகில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது. நடுவில் ஒரு துணித் திரை மட்டும். வீடு அமைதியாக இருந்தது. திடீரென்று தெருவிலிருந்து ஓர் ஆண் குரல் அலறியது.

"வீட்டுல யாரு! புள்ளைக்கு மூச்சு முட்டுது! ஓடியாங்க!"

திரையை விலக்கினால் பல்பு எரிகிறது. இருட்டில் பம்பைத் தேடி லாத்தா லைட்டைப் போட்டிருக்கிறாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரிந்து கிடந்தாள். உதடு நீலமாக இருந்தது. வாய் திறந்திருந்தது, அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. கத்தியது பள்ளிவாசல் மோதினார். பாங்கு சொல்லுகிற அந்த மனுஷரே முனைக்கு ஓடி ஆட்டோவைப் பிடித்து அங்கேயே நிறுத்திவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளி நின்றார். லாத்தாவைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில் ஆவி மருந்து வைத்தபின்தான் அவள் கண் என்னைத் தேடியது. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நாங்க ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றாள் நர்ஸ்.

மறுநாள் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மாமா மோதினாரைக் கூப்பிட்டனுப்பினார். நன்றி சொல்லத்தான். ஆனால் மாமா மாமாதானே.

"அல்லாஹ் உங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும். ஆமா, உள்ள கெடந்த புள்ளைக்கு மூச்சு முட்டுறது தெருவுல போன உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?"

திரைக்குப் பின்னால் நான் உம்மாவின் கையைப் பிடித்து நசுக்கினேன். போச்சு, எல்லாம் போச்சு. இன்றைக்கே பலகை. அடுத்த இழுப்புக்கு யார் ஆட்டோ பிடிப்பது?

மோதினார் தொண்டையைச் செருமினார். "காதுதான். அந்த இழுப்புச் சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்டுச்சே. தட்டிக்கு அங்கிட்டு என்ன தெரியும்? நானும் தெனம் அஞ்சு வேளை போறேன் வாரேன், ஒரு நாளும் ஒண்ணும் தெரிஞ்சதில்ல."

"அப்ப சரி. தட்டி கெடக்கட்டும்" என்றார் மாமா.

இருவரும் எழுந்து போன பிறகு லாத்தாவிடம் போனேன். எல்லாம் அவளுக்கும் கேட்டிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"எனக்கு மூச்சே வரலையே புள்ள. நானா சத்தம் போட்டேன்?"

"போட்டியே" என்றேன். "தெருவுக்கே கேட்டுச்சு."